தோல்வி யாருடைய பாடம்?

‘தோல்வியே வெற்றியின் முதற்படி’ என்னும் வாசகம் எழுதப்படாத பாடசாலைச் சுவர் நம் நாட்டில் அரிது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் இவ்வாசகத்துக்குத் தனி மவுசு பிறந்துவிடுகிறது. அதிபர் சொல்கிறார், கோயிற் சபைத் தலைவர் சொல்கிறார், அயல்வீட்டு மாமாவும் சொல்கிறார். தோற்ற மாணவன் தலைகுனிந்து கேட்டு நிற்கிறான். இது படி என்றால் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை. கேட்டால் விடை சொல்லக்கூடியவர் அங்கு எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், அலுவிகாரையைக் கடந்து சென்றால் வருவது பலாபத்வல. அந்த வீதியோரத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஏலத்தையும் கறுவாவையும் காட்டி விற்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். வீதியை விட்டு விலகி உள்ளே சென்றால் இறப்பர், கொக்கோ, மிளகு. அவற்றினிடையே வெள்ளைக்காரன் காலத்து லயங்கள். அந்த லயமொன்றிலிருந்து இறங்கிவந்து, வீதியில் பஸ் பிடித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி, கணிதத்திற் சித்தியெய்தாமல் நிற்கும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். குறித்த ஒரு பிள்ளையை அல்ல. அப்படிப்பட்ட பிள்ளைகள் ஆண்டுதோறும் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் ‘தோல்வியிலிருந்து கற்றுக்கொள்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, என்ன நிபந்தனையின் பேரில் உண்டு என்பதே என் கேள்வி. கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பதினாறு வயதில் ஒருவன் தன்னைப்பற்றிக் கொள்ளும் தீர்ப்பு ஆயுள் முழுவதும் அவனுடன் நடந்துவருகிறது.

முதலில் இரு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். பிழை ஒன்று, தோல்வி வேறு. பிழை நிகழ்வது விடைத்தாளில். தோல்வி நிகழ்வது பெயர்ப்பட்டியலில். பிழைக்கு இடம் உண்டு, வரி உண்டு, காரணம் உண்டு. விரல் வைத்துக் காட்டலாம். தோல்விக்கு அவை எவையும் இல்லை. அது ஒரு தீர்ப்பு மட்டுமே. மனிதன் கற்றுக்கொள்வது பிழையிலிருந்து. தீர்ப்பிலிருந்து அவன் பெறுவது வெட்கம், அல்லது வீம்பு, அல்லது இரண்டும்.

இறப்பர்த் தோட்டத்திற் பால்வெட்டப் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரப்பட்டையைச் சாய்வாகச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் சரியாக ஓடாது. ஆழம் மிகுந்து, பட்டைக்குள்ளிருக்கும் வளர்படையிற் கத்தி பட்டுவிட்டாலோ மரம் காயப்படும். அவ்விடத்திற் புதுப்பட்டை சமமாக வளராமல் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, பின்னொரு காலத்தில் அங்கே கத்தி வைக்கவே முடியாமற் போகும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இந்த ஒரு மில்லிமீற்றரை எந்தப் புத்தகமும் கைக்குக் கற்பிக்காது. பழகுபவள் வெட்டுகிறாள்; பிழை நேர்கிறது; அந்தப் பிழை கண்ணெதிரே மரத்தில் நிற்கிறது. அருகில் நிற்கும் அனுபவசாலி அதே இடத்தைத் தொட்டு, ‘இந்தா, இங்கே கை அழுத்திப்போச்சு’ என்கிறாள். அடுத்த மரத்திற் கை சற்றுத் திருந்துகிறது. மறுநாளும் அதே மரத்தடிக்கு வரும்போது நேற்றைய வெட்டு அங்கேயே இருக்கிறது.

கற்றலுக்கு வேண்டிய யாவும் இங்கே இருப்பதைக் கவனியுங்கள். பிழை மறைக்கப்படவில்லை. செய்தவளே அதைப் பார்க்கிறாள். பார்க்க உதவும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். மறுபடி வெட்ட அடுத்த மரம் காத்திருக்கிறது. (தோட்டத்து வேலையைப் பொன்னுலகமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. காயப்பட்ட மரத்துக்காக ஏச்சு வாங்கியவர்களும், பால் நிறை குறைந்ததற்காகச் சம்பளம் வெட்டுப்பட்டவர்களும் இதே தோட்டங்களில்தான் வாழ்ந்தார்கள். கைத்தொழிலொன்று கையிலிருந்து கைக்கு மாறும் முறையை மட்டுமே இங்கு சுட்டுகிறேன்.)

இனி, அந்தத் தாயின் பிள்ளை எழுதும் பரீட்சையைப் பாருங்கள். எழுதிய விடைத்தாள் அவன் கைக்குத் திரும்பி வருவதில்லை. மாதங்கள் கழித்து வருவது ஒரேயோர் எழுத்து. முப்பத்தைந்துக்குக் குறைந்த புள்ளியானால் ‘டபிள்யூ’. ஆங்கிலத்திற் ‘பலவீனம்’ என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து. அவன் 34 எடுத்தானா, 4 எடுத்தானா என்பதைக்கூட அவ்வெழுத்து சொல்லாது. கேத்திரகணிதத்திற் சறுக்கினானா, பின்னங்களே விளங்காதிருந்தானா, அல்லது நேரம் போதாமல் இரண்டாம் வினாத்தாளைப் பாதியில் விட்டானா என்பதும் தெரியாது. பலவீனம் எதில் என்று சொல்லாமலே பலவீனன் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, இதிலிருந்து கற்றுக்கொள் என்கிறோம். எதிலிருந்து?

பால்வெட்டும் தாய்க்குத் தோட்டம் அளித்த வசதியைக்கூட அவள் பிள்ளைக்குக் கல்வி முறை அளிக்கவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதனினும் கடுமையானது. பிழை ஏதும் இல்லாமலே வரும் தோல்வியும் உண்டு. 1971 ஆம் ஆண்டிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர்வதற்குச் சிங்கள மொழிமூலம் பரீட்சை எழுதியவர்களுக்கு 227 புள்ளியும், தமிழ் மொழிமூலம் எழுதியவர்களுக்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. தமிழில் எழுதி 240 பெற்ற ஒரு மாணவன் தோற்றான். அவன் அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் என்ன? அவன் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்தத் தோல்விக்கான காரணம் அதில் இராது. காரணம் வேறொரு தாளில் இருந்தது. அது அமைச்சு மேசையில் இருந்தது. அந்தத் தலைமுறை மாணவர்கள் அத்தோல்வியிலிருந்து என்ன கற்றார்கள் என்பதை இந்த நாடு பின்னர் பல பத்தாண்டுகள் இரத்தத்திற் படித்தது.

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அந்த 227, 250 என்ற கணக்கிலே தோட்டத்துப் பிள்ளைகள் அநேகமாக இடம்பெறவே இல்லை. அவர்கள் அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசலுக்கே வந்திருக்கவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனுக்கும் வெளியே நின்றன. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு அவர்களை ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு எந்த நாட்டிலிருப்போம் என்று அறியாத வீட்டுப் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாட்டை எந்த மனத்தோடு ஒப்புவித்திருக்கும்? 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்குக் கட்டங்கட்டமாக வந்தன. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமை 2003 இல் வந்த சட்டத்தால் ஒருவாறு தீர்ந்தது. ஆயினும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் மிகக் குறைவு.

பலாபத்வலப் பிள்ளைக்கு இதிலும் ஒரு தனி இடர் உண்டு. பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனச் சிறுபங்கு ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அப்பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. ஒரே வகை லயம், ஒரே வகைப் பாடசாலை. ஆனால் மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த காரணத்தால் மாத்தளை நகரின் பெரிய கல்லூரிகளோடு அவன் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறான். மேலும், உயர்தரத்திற் சித்தியெய்தி அனுமதிக்குத் தகுதி பெறுபவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. ஏனைய மூவரும் முயன்று படித்திருந்தாலும் ஆசனங்கள் பெருகப் போவதில்லை. ஒருவன் முன்னேறினால் இன்னொருவன் கீழே தள்ளப்படுவான். இத்தகைய ஏற்பாட்டில் தோல்வி என்பது முன்கூட்டியே தயாரித்து வைக்கப்பட்ட ஒரு பண்டம். யார் தலையில் அது விழும் என்பதே எஞ்சியுள்ள ஐயம்.

இந்த இடத்தில் எவரேனும் இராமானுஜனை அழைத்துவருவார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியிற் கணிதத்தில் மூழ்கி, ஆங்கிலத்திற் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தவர். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் 1907 இல் எஃப்.ஏ. பரீட்சையிற் தேறாதவர், 1918 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானவர். தோற்றவர்கள் மனந்தளரக் கூடாது என்பதற்கு இவர் வரலாறே எங்கும் எடுத்துக்காட்டு.

வரலாற்றைச் சற்று உற்றுநோக்கினால் எடுத்துக்காட்டு தலைகீழாக நிற்பது தெரியும். இராமானுஜன் தம் பரீட்சைத் தோல்வியிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உடற்றொழிலியலைப் படித்துத் தேறவேண்டும் என்று அவர் திருந்தியிருந்தால் ஒரு நல்ல குமாஸ்தா கிடைத்திருப்பார், அவ்வளவுதான். அவர் முன்பு செய்ததையே பின்பும் செய்துகொண்டிருந்தார். கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது கல்லூரி. ஒரு துறையில் ஒப்பற்றவனாக இருப்பவனை இன்னொரு துறையின் புள்ளிக்காக வெளியே தள்ளும் விதியைப்பற்றி அது சிந்தித்திருக்க வேண்டும். இன்னொன்று: இராமசாமி ஐயரும் இராமச்சந்திர ராவும் போன்ற, அதிகாரமும் படிப்பும் உள்ள மனிதர்கள் அவருடைய நோட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்த்தார்கள். அவர்களை அணுகும் வழி, வறுமையிலும், அவருக்கு இருந்தது. இறப்பர்க் காட்டு லயத்துப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க எந்த இராமச்சந்திர ராவ் வருவார்? மீண்டெழுந்த ஒருவரைக் காட்டி, எழாத ஆயிரவரையும் குற்றவாளிகளாக்குவதற்கு அந்த மேதையின் பெயர் பயன்படுவது எனக்கு உவப்பாக இல்லை.

எனக்கு இதைவிட உகந்த எடுத்துக்காட்டு இத்தாலியிலிருந்து வருகிறது. தஸ்கனி மாநிலத்து மலைப்பகுதியில் பார்பியானா என்பது ஒரு குக்கிராமம். லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் அங்கே விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்திவந்தார். அப்பிள்ளைகளில் இருவர் ஆசிரியப் பயிற்சிக்குரிய அரசுப் பாடசாலைக்குச் சென்று பரீட்சையிற் தோற்றார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? அழுவார்கள், வயலுக்குத் திரும்புவார்கள். பார்பியானாவில் நடந்தது வேறு. அந்தத் தோல்வியையே பாடப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். யார் யார் தோற்கிறார்கள், எந்த வகுப்பிற் தோற்கிறார்கள், தோற்றவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். எட்டு மாணவர்கள் சிறு சிறு தாள்களிற் தம் எண்ணங்களை எழுதி, அவற்றைக் குவித்து, ஒத்தவற்றை ஒன்றுசேர்த்து, மிகையை வெட்டி, பல மாதங்கள் உழைத்து ஒரு நூலாக்கினார்கள். 1967 மே மாதம் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற பெயரில் அது வெளியாயிற்று. மறுமாதம் மிலானி காலமானார். தோல்வி குருட்டுத்தனமாக விழவில்லை, ஏழை வீட்டுக் கதவை அடையாளம் பார்த்தே தட்டுகிறது என்பதைப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் எண்களைக் கொண்டு நாட்டுக்குக் காட்டினார்கள்.

ஒரு மாணவன் தோல்வியிலிருந்து கற்றான் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க நிகழ்ச்சி இதுவே என்பது என் எண்ணம். அவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டதோடு நிற்கவில்லை. கணக்கெடுக்கக் கற்றார்கள், எழுதக் கற்றார்கள். எந்த எழுத்துத் திறன் போதாதென்று வெளியே தள்ளப்பட்டார்களோ அதே திறனால் ஒரு நாட்டின் மனச்சாட்சியை அசைத்தார்கள். கூடிச் செய்தார்கள் என்பதே இதில் முதன்மையானது. தனித்தனியே நின்றிருந்தால் ஒவ்வொருவனும் தன் தலைவிதியை நொந்திருப்பான்.

எதிர்க்கேள்வி ஒன்று எழுவதை நான் அறிவேன். எல்லாவற்றையும் சமுதாயத்தின் தலையிற் சுமத்திவிட்டால் மாணவன் எதற்காகப் படிக்கவேண்டும்? சோம்பலுக்கு இது நல்ல கவசமாகாதா? முற்போக்குச் சிந்தனை உடையவர்கள் இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒதுக்கக் கூடாது. ஏனெனில், ‘உன் தோல்விக்கு நீ ஒருபோதும் காரணமல்லன்’ என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதும் அவனை அவமதிப்பதே ஆகும். காரணமாக முடியாதவன் காரியமும் ஆற்ற முடியாதவன் என்றாகிவிடுகிறது. அமைப்பு அவனை ஒரு எழுத்தாகச் சுருக்குகிறது. நாம் அவனை ஓர் உதாரணமாகச் சுருக்குகிறோம். இரண்டிலும் அவன் ஆளாக இல்லை.

அந்தப் பிள்ளையின் பங்கு என்று ஒன்று உண்டு. கணித ஆசிரியர் ஆண்டு நடுவில் மாற்றலாகிப்போய் அவ்விடம் வெறுமையாகக் கிடந்தது அவன் குற்றமன்று. அதற்கு முன் நடந்த பாடத்தில் விளங்காததைக் கேட்கக் கூச்சப்பட்டு விளங்கியதுபோலத் தலையசைத்தது அவனுடைய பங்கு. கூச்சத்துக்கும் வரலாறு உண்டு என்பது உண்மை; துரைக்கும் கங்காணிக்கும் முன் வாய்திறவாதிருந்த பரம்பரையின் கூச்சம் அது. ஆயினும் அந்தக் கூச்சத்தை உடைக்கக்கூடிய ஒரே மனிதன் அவன்தான். வேறு எவரும் அவனுக்காக உடைக்க முடியாது. தன் பங்கு இவ்வளவு, தன்னைச் சாராதது இவ்வளவு என்று அளந்து பிரிக்கக் கற்றவனே தோல்வியிலிருந்து கற்றவன். இந்த அளவை தவறுவது பால்வெட்டும் கத்தி தவறுவதைப் போன்றது. ஆழமாகப் போனால் தன்னையே காயப்படுத்திக்கொள்வான். மேலோட்டமாகப் போனால் எதுவும் சுரக்காது.

இந்த அளவையை அவன் தனியே பழக முடியுமா? பக்கத்தில் நின்று இடத்தைத் தொட்டுக்காட்டும் ஒருவர் வேண்டாமா? இங்கேதான் ஆசிரியர் வருகிறார். முப்பது பேர் எழுதிய கணிதப் பரீட்சையில் மூவர் தவறினால் அது பெரும்பாலும் அந்த மூவரின் பாடம். இருபது பேர் தவறினால் அது எவருடைய பாடம்? அப்போது அந்தப் பெறுபேற்றுத் தாள் மாணவர்களுடையது அன்று. பாடசாலையும் வலயக் கல்விப் பணிமனையும் அமைச்சும் சேர்ந்தெழுதிய விடைத்தாள் அது.

நிறுவனங்கள் தோல்வியிலிருந்து கற்பது கனவு என்று கருதவேண்டியதில்லை. பலாபத்வலவிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ் நாள்தோறும் கடந்துசெல்லும் அலுவிகாரையே இதற்குப் பழஞ்சான்று. கி.மு. முதலாம் நூற்றாண்டுவரை பௌத்த மறைநூல்கள் பிக்குகளின் நினைவிலே வாழ்ந்தன. வாய்மொழியாகவே தலைமுறை மாறின. வலகம்பா மன்னன் காலத்துப் போரிலும் பெரும் பஞ்சத்திலும் அவற்றை மனனம் செய்திருந்த பிக்குகள் பலர் மாண்டனர். ஒரு நூலை முற்றாக அறிந்தவர் ஒரேயொருவராக எஞ்சிய நிலையும் வந்தது என்று மரபு கூறுகிறது. எஞ்சிய பிக்குகள் இன்னும் நன்றாக மனனம் செய்யுங்கள் என்று இளையவர்களை ஏசவில்லை. நினைவை மட்டும் நம்பிய முறை தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, இந்தக் குகைகளிற் கூடி, யாவற்றையும் ஏட்டில் எழுதினார்கள். முறை மாறிற்று. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையினரால் அங்கிருந்த சுவடிகள் அழிந்தன என்பர். அதன் பின்னரும் அங்கே மீண்டும் ஏடு எழுதினார்கள். இன்றும் அங்கு செல்பவர்களுக்கு எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் இதைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதாத மாத்தளைப் பிள்ளை இருக்க முடியாது.

பெறுபேறுகள் வெளிவந்த வாரத்தில் நம் பாடசாலை வாசல்களிற் பதாகைகள் ஏறுகின்றன. ஒன்பது பாடங்களிலும் அதிதிறமைச் சித்தி பெற்ற பிள்ளையின் படம், பெயர், பக்கத்தில் அதிபரின் படம். நல்லது, உழைத்த பிள்ளை சிறப்புப் பெறட்டும். அதே வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, சித்தியெய்தாத பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்து, அந்த வினாத்தாளை மேசையில் விரித்து, எங்கே கை அழுத்திற்று என்று ஒவ்வொரு வினாவாகத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் எத்தனை பாடசாலைகளில் உண்டு? இதற்கு அமைச்சின் சுற்றுநிருபம் தேவையில்லை. ஒரு வினாத்தாள், ஒரு வெண்கட்டி, இரண்டு மணி நேரம் போதும். எத்தனை பேர், எந்த வினாவில், எந்தக் காரணத்தாற் தவறினார்கள் என்ற கணக்கு அன்றைக்கே கையில் வந்துவிடும். ஆசிரியர் இல்லாமற் கழிந்த மாதங்களின் கணக்கும் அதில் வரும். பார்பியானாப் பிள்ளைகளைப் போல அதை எழுதிப் பெற்றோரிடமும், தோட்டத்துச் சங்கங்களிடமும், வலயப் பணிப்பாளரிடமும் கொண்டுபோய் வைக்கலாம். அடுத்த முறை அதே மண்டபத்தில் அதே வினாத்தாளை எதிர்கொள்ளப் போகும் பிள்ளைக்குத் தான் எந்த வரியில் நின்றுபோனேன் என்பதாவது தெரிந்திருக்கும்.